ஆளில்லாத வீட்டில் சூடாக இருந்த அடுப்பு

இன்று காலை கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு பெண் தன் வீட்டு அலுமினியச் சட்டியைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். இண்டக்ஷன் அடுப்பு வாங்குவதற்கு முன்னால் அதை வைத்துப் பார்க்க வேண்டுமாம். அதில் இது வேலை செய்யாது என்று நான் சொல்வதற்குள் அவளே மேசைமேல் இருந்த மாதிரி அடுப்பில் சட்டியை வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டாள். பீப், பீப், பீப் என்று அது கத்த ஆரம்பித்தது. ஒத்துவராத பாத்திரத்தை வைத்தால் ஒரு நிமிடம் அப்படிக் கத்திவிட்டுத் தானாக அணைந்துவிடும். பதினாறு வருடமாக நான் கேட்டுச் சலித்த சத்தம்தான். ஆனால் இன்று என் வலது கை, என்னை அறியாமல் இடது மணிக்கட்டைப் போய்ப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு நீ பிடித்த அதே இடம்.

“ஆன்டி, ஓகேயா?” என்று அந்தப் பெண் கேட்டாள். ஓகே என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தேன்.

நீ போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. பார்வையில்லாத உனக்கு எழுதி என்ன செய்ய? எதுவானாலும் ஃபோனில் பேசுவோம். இல்லாவிட்டால் குரலைப் பதிந்து அனுப்புவோம். இதை யார் உனக்குப் படித்துக் காட்டப் போகிறார்கள் என்று யோசனை வந்தது. இருந்தாலும் எழுதுகிறேன். சிலவற்றை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு மழை நாளில்தான் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் கடைக்கு முதன்முதலில் வந்தாய். வெள்ளைக் கோலைக் கதவோரம் தட்டி நீரை உதறிவிட்டு, நிமிர்ந்து நின்று கேட்டாய்.

“இங்க அடுப்பு விக்கிறவங்க யாரு? அடுப்பு பத்தித் தெரிஞ்சவங்க யாரு? ரெண்டும் ஒரே ஆள்னா அவங்களக் கூப்பிடுங்க.”

கடைப் பெண்கள் சிரித்துவிட்டு என்னைக் காட்டினார்கள். காட்டியது உனக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் அவர்களுக்கு உறைத்தது.

பக்கத்துத் தெருவில் ஒரு மசாஜ் சென்டரில் வேலை செய்வதாகச் சொன்னாய். மோனோரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் பழைய அடுக்குமாடியில் எட்டாவது மாடிக்கு அப்போதுதான் குடிவந்திருந்தாய், தனியாக. அந்தக் கட்டடத்தில் யாரோ ஒரு வீட்டில் சமையலறை தீப்பிடித்ததால், இனி யாரும் கேஸ் சிலிண்டர் வைக்கக் கூடாது என்று நிர்வாகம் தாள் ஒட்டிவிட்டதாம்.

“முப்பது வருஷமா கேஸ்லதான் சமைக்கிறேன் அக்கா. கேஸ் பேசும். பெருசா எரிஞ்சா ஒரு சத்தம், குறைச்சு வெச்சா ஒரு சத்தம். காத்தடிச்சு அணைஞ்சா சத்தம் நின்னுரும், அப்புறம் வாசம் வந்துரும். என்னை ஏமாத்தினதே இல்ல. இப்ப கரண்டுக்கு மாறச் சொல்றாங்க. எது பேசும், எது பேசாதுன்னு சொல்லுங்க.”

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எத்தனை வாட், எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எத்தனை வருட உத்தரவாதம் என்றுதான் கேட்பார்கள். நான் உன் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொடவைத்தேன். இரும்புத் தட்டு வைத்த சாதாரண மின்னடுப்பு முதலில். “இது தோசைக்கல்லு மாதிரி இருக்கு” என்றாய். சூடாக நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும் என்றேன். அடுத்தது செராமிக். வழவழப்பான கறுப்புக் கண்ணாடி, அடியில் சிவந்து எரியும் கம்பி. திருகுகிற குமிழ் இருந்தது. அதைத் திருப்பினால் ‘டக்’ என்று சத்தம் வரும். சூடு ஏறி இறங்கும்போது உள்ளே மெல்ல டிக், டிக் என்று கேட்கும். காதைக் கண்ணாடியருகே கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, “கொஞ்சமாப் பேசுது” என்றாய். கடைசியாக இண்டக்ஷன். அதில் கண்ணாடி சூடாவதில்லை, பாத்திரம்தான் சூடாகும். காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் உள்ள பாத்திரம் வேண்டும் என்று விளக்கினேன். உன் வீட்டில் இருந்ததெல்லாம் அலுமினியமும் ஒரு மண்சட்டியும். அதனால் செராமிக்கையே வாங்கச் சொன்னேன்.

“இது எதை வெச்சாலும் சூடாக்கும். யார் வெச்சதுன்னு கேக்காது” என்று என் விற்பனைப் பேச்சில் சொன்னேன். இப்போது அந்த வார்த்தை நினைவுக்கு வந்தால் முதுகு சில்லிடுகிறது.

முதல் வாரமே சுட்டுக்கொண்டாய். அணைத்த பிறகும் கண்ணாடியில் சூடு தங்கியிருக்கும். அதைக் காட்ட ஓரத்தில் சிவப்பாக ஓர் எழுத்து எரியும். பார்க்க முடிந்தவர்களுக்கான எச்சரிக்கை அது. உன் உள்ளங்கைக்கு மருந்து போட்டுவிட்டு, அணைத்ததிலிருந்து அரை மணி நேரம் அந்தப் பக்கமே போகாதே என்றேன். குமிழைச் சுற்றி நகப்பூச்சைச் சொட்டுச் சொட்டாக வைத்துக் காயவிட்டு, எந்தச் சூடு எங்கே என்று விரலுக்குத் தெரியும்படி செய்து கொடுத்தேன். அன்று எனக்கு ரசம் வைத்துப் போட்டாய். அன்றுதான் நீ என்னைவிட எட்டு மாதம் மூத்தவள் என்று தெரிந்தது. “பரவால்ல, அக்கான்னே கூப்பிடுறேன். நீங்கதானே அடுப்பு தெரிஞ்சவங்க” என்றாய்.

மூன்று மாதம் கழித்து ஒரு மாலையில் ஃபோன் செய்தாய். நான் கிள்ளானில் வீட்டுக்கு வந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருந்தேன்.

“அக்கா, அடுப்பு சூடா இருக்கு.”

“அணைச்சு எவ்வளவு நேரம் ஆச்சு?”

“காலைல எட்டரைக்கு. ஒம்பதுக்கு வேலைக்குப் போனேன். இப்பதான் வரேன். ஆறரை ஆவுது.”

“அணைக்க மறந்திருப்ப லா.”

“டக்னு கேட்டுட்டுதான் போனேன். இப்பவும் குமிழு அணைஞ்சுதான் இருக்கு. ஆனா கண்ணாடி சூடா இருக்கு. யாரோ இப்பதான் சமைச்ச மாதிரி.”

நான் அடுப்பு தெரிந்தவள். அதனால் என்னிடம் விளக்கம் இருந்தது. உன் சமையலறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. கறுப்புக் கண்ணாடியில் பின்னேர வெயில் விழுந்தால் சூடாகத்தான் செய்யும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்து தடித்த திரை ஒன்றை மாட்டிவிட்டும் போனேன். அடுத்த வாரம் மறுபடி ஃபோன் செய்தாய். திரை போட்டபடியே இருக்கிறது, அடுப்பு சூடாக இருக்கிறது என்றாய். அப்புறம் ஒருநாள், வீட்டுக்குள் கோப்பி வாசம் வருகிறது என்றாய். நீ கோப்பி குடிக்கிறவள் இல்லை. பக்கத்து வீட்டு வாசமாக இருக்கும் என்றேன். மேசையடியில் தள்ளிவிட்டுப் போன நாற்காலி ஒரு சாண் வெளியே வந்திருக்கிறது என்றாய். காலையில் அவசரத்தில் சரியாகத் தள்ளியிருக்க மாட்டாய் என்றேன்.

“பூட்டு மாத்துற ஆள் யாரும் தெரியுமா அக்கா?” என்று கேட்டாய்.

“எதும் காணாமப் போயிருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குப் பூட்டு? வீட்டு ஓனர்கிட்டக் கேட்டியா?”

பழைய ஆட்கள் எல்லாச் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஓனர் சொன்னாராம். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். நம் வயதில் பெண்களுக்கு மறதி வருவது சகஜம், வீட்டுப் பக்கத்தில் இருக்கிற கிளினிக்கில் ஒரு தடவை காட்டு என்று.

“சரி அக்கா” என்றாய்.

அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல், சூடு எவ்வளவு நேரம் தங்கும் என்று ஒரே ஒரு தடவை கேட்டதைத் தவிர, நீ அடுப்பைப் பற்றிப் பேசவில்லை. நானும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு திடீரென்று கடைக்கு வந்து நின்றாய். இண்டக்ஷன் அடுப்பு வேண்டும் என்றாய். கண்ணாடி சூடாகாத அடுப்புதானே, கை சுட்டுக்கொண்ட பயம் என்று நானே காரணத்தைக் கற்பித்துக்கொண்டேன். அழுத்துகிற பொத்தான்கள் வைத்த ஒன்றை எடுத்துக் காட்டினேன். காந்தம் ஒன்றைக் கையில் கொடுத்து, எந்தப் பாத்திரத்தில் ஒட்டுகிறது, எதில் வழுக்கி விழுகிறது என்று பார்க்கச் சொன்னேன். நீ அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு சாதாரண அலுமினியப் பாத்திரத்தை வைக்கச் சொன்னாய். வைத்தேன். அது கத்தியது.

“இதுக்கு மேல சத்தமா ஒன்னு இருக்கா?”

இருந்தது. மலிவான, பழைய மாதிரி ஒன்று. கடை முழுக்கக் கேட்கும்படி கத்தும் என்பதால் யாரும் அதை வாங்குவதில்லை. நீ அதைப் போடச் சொன்னாய். கடைக் கதவுக்கு வெளியே போய் நின்று, கதவை மூடச் சொல்லி, காது கொடுத்துக் கேட்டாய். திரும்பி வந்து, “இதையே கொடுங்க” என்றாய். நான் சிரித்தேன். கேட்கவில்லை, ஏன் என்று. பாத்திரமும் ஒன்று வாங்கினாய், அடி கனமான ஸ்டீல் பாத்திரம். ஒன்றே ஒன்று.

பத்து நாளுக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை மதியம் நீ கடை வாசலில் வந்து நின்றாய். “சாப்பாட்டு நேரம்தானே? வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரேன். என்கூட வீடு வரைக்கும் வாங்க. ஒன்னும் கேக்காதீங்க” என்றாய். உன் முகத்தில் ரத்தமே இல்லை. வாழையிலைக் கடைகளில் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்த நேரம். பூக்கடைக்காரர்கள் உன் கோலுக்கு வழிவிட்டார்கள். நீ எப்போதையும்விட வேகமாக நடந்தாய். லிஃப்டில் ஏறியதும் என் இடது மணிக்கட்டைப் பிடித்தாய். எட்டாவது மாடியில் கதவு திறந்தது. நடைபாதையில் யாருமில்லை. நல்ல வெயில். துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

நாலு வீடு தாண்டுவதற்குள் எனக்கே கேட்டது. பீப், பீப், பீப்.

அது நின்றது. உள்ளே யாரோ பாத்திரத்தைத் தூக்கி மறுபடி வைத்தார்கள். பீப், பீப், பீப்.

உன் வீட்டுக் கதவு மூடியிருந்தது. இரும்புக் கிரில்லும் மூடியிருந்தது. நீ வாயை என் காதருகே கொண்டுவந்து, “கேக்குதா அக்கா?” என்றாய். தலையை ஆட்டினேன். நான் ஆட்டியது உனக்குத் தெரியாதே என்று உன் கையை அழுத்தினேன். உன் விரல்கள் ஐஸ்போல இருந்தன.

போலீஸைக் கூப்பிடலாம், கீழே போய்க் காவலாளியைக் கூட்டி வரலாம் என்று நான் கிசுகிசுத்தேன். நீ அதற்குள் சாவியைப் போட்டுவிட்டாய்.

சமையலறையில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். எண்பது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கையில் ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம். எங்களைப் பார்த்து அவர் பயப்படவே இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல முகம் மலர்ந்தது.

“வாங்க, வாங்க, உக்காருங்க. கோப்பி போடலாம்னு பாக்குறேன். அடுப்புதான் இன்னிக்குச் சொன்னபடி கேக்க மாட்டேங்குது.”

என்னை அதிரவைத்தது அவர் அங்கே நின்றதுகூட இல்லை. எனக்கு அவரைத் தெரியும். காலை ரயிலில், கிள்ளானிலிருந்து வரும் பெட்டியில், எத்தனையோ நாள் எனக்கு எதிரில் உட்கார்ந்து வந்தவர் அவர். மடியில் ஒரு துணிப்பை வைத்திருப்பார். நான் ஒன்றிரண்டு தடவை சிரித்தும் இருக்கிறேன். நான் உனக்கு ஃபோனில் வெயிலையும் திரையையும் பற்றி விளக்கிக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம், அந்தப் பைக்குள் அந்தப் பாத்திரத்தோடு என் எதிரிலேயே இருந்திருக்கிறார்.

நீ அவர் பக்கமாக நேராக நடந்தாய்.

“அங்கிள், அந்தப் பாத்திரம் இதுல சூடாகாது. இப்படிக் கொடுங்க.”

அலமாரியைச் சாவி போட்டுத் திறந்து உன் ஸ்டீல் பாத்திரத்தை எடுத்தாய். தண்ணீர் வைத்தாய். மேல் தட்டிலிருந்து கோப்பித்தூள் டப்பாவை எடுத்தாய். கோப்பி குடிக்காத உன் வீட்டில் கோப்பித்தூள் எப்படி வந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மூன்று கோப்பைகளில் ஊற்றினாய்.

பெரியவர் எண்ணிப் பார்த்தார். “இன்னொன்னு ஊத்தும்மா. அவளுக்கு?”

அவர் கை காட்டிய நாற்காலியில் யாருமில்லை. அதே நாற்காலி, எப்போதும் ஒரு சாண் வெளியே வந்திருப்பதாக நீ சொன்ன நாற்காலி. நான் அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்தேன். நீ நாலாவது கோப்பையை எடுத்து ஊற்றி, அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தாய்.

அவர் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. அதில் மகனுடைய நம்பர். ஒரு மணி நேரத்தில் மகன் கிள்ளானிலிருந்து லோரி கம்பெனிச் சட்டையோடு ஓடிவந்தான். இந்த வீட்டில்தான் அப்பாவும் அம்மாவும் இருபத்திரண்டு வருடம் குடியிருந்தார்களாம். கோப்பி போடுகிறேன் என்று எழுந்து போன அம்மா அடுப்புக்கு முன்னாலேயே விழுந்து உயிர்விட்டாராம். அதன் பிறகுதான் அப்பாவைக் கிள்ளானுக்கு அழைத்துப் போயிருக்கிறான்.

“அப்பாவுக்கு மறதி மிஸ். பகல்ல நானும் வைஃபும் வேலைக்குப் போயிருவோம். வீட்டுலதான் இருக்காருன்னு நெனச்சோம். ரயில் ஏறி இவ்வளவு தூரம் வருவாருன்னு சத்தியமாத் தெரியாது. இன்னொரு சாவி வெச்சிருந்ததும் தெரியாது. போலீசுக்குப் போறதுன்னா போங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்.”

“அதெல்லாம் வேணாம் தம்பி. சாவியக் கொடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை அவரக் கூட்டிட்டு வாங்க. நான் வீட்டுல இருப்பேன்” என்றாய்.

உனக்கு என்ன பைத்தியமா என்று அவர்கள் போன பிறகு கேட்டேன். பூட்டை மாற்ற ஆள் கூப்பிடச் சொன்னாய். கூப்பிட்டேன்.

மகன் சொன்னபடி கூட்டிவந்தான். கிட்டத்தட்ட ஒரு வருடம், மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறு. மூலையில் கிடந்த செராமிக் அடுப்பை அவருக்காகவே துடைத்து எடுத்து வைத்தாய். அவருடைய அலுமினியப் பாத்திரம் அதில்தானே சூடாகும். அவரே போட்டு, அவரே ஊற்றி, வெறும் நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பார். பாசார் சந்தைக்குப் போனது, மீன் வாங்கியது, யாரோ கல்யாணத்துக்கு அழைத்தது. நடுநடுவே நிறுத்தி, பதில் கேட்டுக்கொண்டு, தலையாட்டிவிட்டுத் தொடர்வார். நானும் சில ஞாயிறு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அங்கே இருப்புக்கொள்ளாது. நீயோ அவர் நிறுத்துகிற நேரத்திலெல்லாம் முகத்தை அந்த நாற்காலிப் பக்கம் திருப்புவாய்.

“உனக்கு ஏதாவது கேக்குதா?” என்று ஒருநாள் உன்னைத் தனியாகக் கேட்டேன்.

“எனக்குக் கேக்கல. அவருக்குக் கேக்குதே” என்றாய்.

அவர் படுக்கையில் விழுந்து, அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே இறந்துபோனார். உன் சிறுநீரகக் கோளாறு தொடங்கியதும் அந்த வருடம்தான்.

இவ்வளவும் நம் இருவருக்கும் தெரிந்ததே. எனக்குத் தெரியாததை நீ ஆஸ்பத்திரியில் சொன்னாய். கடைசி வாரம், பார்வையாளர் நேரம். பந்திங்கிலிருந்து வரும் உன் தம்பி இன்னும் வந்து சேரவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குத் திரை இழுத்திருந்தார்கள். நான்தான் பேச்சை எடுத்தேன். அன்றைக்கு நீ சொன்னபோது நம்பாமல் போய்விட்டேன், அது இன்னும் உறுத்துகிறது என்றேன்.

நீ சொன்னாய். “இண்டக்ஷன் வாங்க வந்தேன்ல, அதுக்கு முந்தின வாரம். நான் வீட்டுக்கு வரும்போது அவர் உள்ளயே இருந்தாரு அக்கா.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“வழக்கம்போல வந்தேன். கதவப் பூட்டினேன். கோலை மாட்டுறேன், மூச்சு கேக்குது. மேசைக்குப் பக்கத்துல. மூக்குல வர்ற மூச்சு. தூங்கி எந்திரிச்சவங்க மாதிரி.”

“கதவத் திறந்து ஓடியிருக்கலாமே?”

“சாவிய எடுத்து, ஓட்டையத் தடவி, திறக்கணும். அதுக்குள்ள என்ன வேணா ஆயிரும். அதனால தெரியாத மாதிரியே இருந்தேன். கை கழுவினேன். அடுப்பப் போட்டேன். ஏற்கனவே சூடாத்தான் இருந்துச்சு. முட்டை ரெண்டு பொரிச்சேன்.”

“ரெண்டா?”

“ஒன்ன மேசை மேல வெச்சிட்டு, இந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். ஏன் வெச்சேன்னு தெரியல. பசி தீர்ந்தா போயிரும்னு பூனைக்கு வெப்பாங்கல்ல, அந்த மாதிரி. கொஞ்ச நேரம் ஒன்னும் கேக்கல. அப்புறம் மெல்லுற சத்தம் கேட்டுச்சு. மெதுவா. பல்செட் இடிக்கிற சத்தம். வயசான ஆள்னு அப்பத்தான் தெரிஞ்சிச்சு. பயம் போகல. ஆனா கத்தணும்னு இருந்தது நின்னுருச்சு. அலுமினியப் பாத்திரத்தப் பைக்குள்ள வைக்கிற சத்தமும் கேட்டுச்சு. எந்த மாதிரிப் பாத்திரம்னு அப்பவே மனசுல வெச்சுக்கிட்டேன்.”

அப்படியென்றால் அந்த அடுப்பு, அந்தச் சத்தம், பூட்டிய அலமாரி, கோப்பித்தூள் எல்லாமே அவர் மறுபடி வருவார் என்று தெரிந்து நீ முன்கூட்டியே யோசித்து வைத்தவை. நான் வெறுமனே உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏன்டி என்கிட்டச் சொல்லல?”

“ஃபோன் பண்ணினேனே. அவர் சாப்பிடும்போதே.”

எனக்கு ஞாபகம் வந்தது. நான் ரயிலில் இருந்தேன். சுபாங் ஸ்டேஷன் தாண்டி நின்றுகொண்டு போகிறேன், கூட்டம், ஒரு கையில் பை. நீ சத்தமாக, கணீரென்று கேட்டாய்: “அக்கா, அணைச்சப்புறம் எவ்வளவு நேரம் சூடு இருக்கும்?” நான் சொன்னேன்: “அரை மணி நேரம். எத்தனை தடவை சொல்றது?” சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

“நீங்க வெச்சப்புறமும் நான் வைக்கல” என்றாய். “காதுலயே வெச்சுக்கிட்டு பேசிக்கிட்டே இருந்தேன். ‘அப்படியா அக்கா, கீழதான் இருக்கீங்களா, வாங்க வாங்க, கதவத் திறந்து வெக்கிறேன்’னு. பத்து நிமிஷம் இருக்கும். என்னென்னமோ பேசினேன். நீங்க சொல்ற பதிலுக்கு நேரம் விட்டு, சிரிச்சு, மறுபடி பேசி. அப்புறம் நாற்காலி நகர்ந்துச்சு. என் பக்கத்துலயே வந்து தட்ட சிங்க்ல வெச்சாரு. சட்டையில சலவை வாசம். அப்புறம் கதவு திறந்து மூடிச்சு. அவர்கிட்டயும் சாவி இருந்துச்சு பாருங்க.”

“அப்புறமாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை நீ. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். மாடி வீட்டு டிவி சத்தமாக இருக்கும் என்று சொல்லியிருப்பேன். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதற்குள் உன் தம்பி உள்ளே வந்துவிட்டான். ஆறாவது நாள் நீ போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்து வீட்டைக் காலி செய்ய நானும் போனேன். இரண்டு அடுப்பையும் எடுத்துக்கொள்ளச் சொன்னான் உன் தம்பி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுப்பு விற்கிறவளுக்கு அடுப்பு எதற்கு? உண்மையில், கண்ணாடியைத் தொட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நான் எடுத்துக்கொண்டது அந்தப் பத்து நிமிடத்தைத்தான். நான் இல்லாத பத்து நிமிடம். ரயிலில் இடம் கிடைத்து உட்காரும்போதெல்லாம் அது வருகிறது. வைத்துவிட்ட ஃபோனைக் காதில் பிடித்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் ஒருவர் மென்றுகொண்டிருக்க, நீ என்னோடு சிரித்துப் பேசுகிறாய். நான் என்னென்ன பதில் சொன்னதாக வைத்துக்கொண்டாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். நிஜமாக நான் சொன்னதைவிட நல்ல பதில்களாகத்தான் இருக்கும்.

கடைக்கு இப்போதும் ஃபோன்கள் வருகின்றன. அடுப்பில் ஏதோ எழுத்து எரிகிறது, குமிழ் சுற்றவில்லை, பாத்திரம் சூடாகவில்லை. தனியாக இருக்கும் பெண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். பதில் சொன்னதும் நான் வைப்பதில்லை. “வேற ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்கிறேன். இல்லை என்பார்கள் பெரும்பாலும். அதன் பிறகும் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் பொறுக்கிறேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்கும். அது ஒருவருடையதுதானா, இருவருடையதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.